இரண்டு சின்சில்லாக்களைச் சேர்த்து வைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

என் இரண்டாவது சின்சில்லா ரவையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரியே அவளை நேராக முதல் சின்சில்லா மிளகின் கூண்டுக்குள் விட்டேன். இரண்டும் பெண், இரண்டும் சாது, விற்றவரும் "தானாகச் சேர்ந்துவிடும்" என்றார், அப்புறம் என்ன? பதினைந்து நொடிதான் ஆகியிருக்கும். பஞ்சுமிட்டாயைப் பிய்த்து ஊதியதுபோலக் கூண்டைச் சுற்றி வெளிர்பழுப்பு முடி பறந்தது. ரவை மேல்தட்டுக்குத் தாவி வீரிட்டாள். நான் துண்டோடு கையை நீட்ட, மிளகு பின்னங்கால்களில் எழுந்து நின்று, குறி பார்த்து, என் மூக்குக்கண்ணாடியில் சிறுநீரைப் பீய்ச்சினாள்.

நல்லவேளை, ரத்தம் வரவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நொடியின் கடனை அடைக்க எனக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. இப்போது இருவரும் ஒரே மரப்பெட்டிக்குள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். இடையில் செய்தது என்ன, செய்யாமல் விட்டிருக்க வேண்டியது என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேர்க்கத்தான் வேண்டுமா?

சின்சில்லா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும், அணில்போலக் கொறிக்கும் சின்னப் பிராணி. சிலி நாட்டில் வறண்ட பாறைச் சரிவுகளில், இடுக்குகளுக்குள், கூட்டமாக வாழ்வது. ரோமத்துக்காக அதை வேட்டையாடியே தீர்க்கப் பார்த்தார்கள். 1910இல் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா, பெரு ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து வேட்டைக்குத் தடை போட வேண்டிவந்தது. 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஏறக்குறைய ஒரு டஜன் சின்சில்லாக்களை உயிரோடு கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அதுவும் ரோமப் பண்ணை வைக்கத்தான். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அந்த வம்சம். நாயும் பூனையும் மனிதனோடு பழகி ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. இது காட்டை விட்டு வந்து நூறு வருடம்தான் ஆகிறது.

"கூட்டமாக வாழும் பிராணி, தனியாக வைத்தால் பாவம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மலையில் சண்டை வந்தால் தோற்றது இன்னொரு பாறைக்கு ஓடிவிடும், சண்டை அதோடு முடியும். மூன்றடி அகலக் கூண்டில் ஓடுவதற்கு இடம் ஏது? தோற்றது கண்ணெதிரே நிற்பதால் ஜெயித்தது மறுபடி மறுபடி போய் அடிக்கும். கூண்டுச் சண்டைகள் சாவில் முடிவதற்குக் காரணம் இதுதான், சின்சில்லா கொடூரமான பிராணி என்பது இல்லை.

தினமும் ராத்திரி ஒரு மணி நேரமாவது வெளியே விட்டு விளையாட உங்களால் முடியுமென்றால் ஒற்றைச் சின்சில்லா நன்றாகவே வாழும். இரண்டாவதை வாங்குவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவை சேரவே சேராவிட்டால், இரண்டு கூண்டு, இரண்டு செலவு, இரண்டு விளையாட்டு நேரம் என்று பதினைந்து இருபது வருடம் ஓட்ட முடியுமா? சின்சில்லாவின் ஆயுள் அவ்வளவு. முடியாது என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சின்சில்லா வளர்க்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் இருப்பது கனடா; குளிர் தானாகக் கிடைக்கிறது. சின்சில்லாவுக்கு 10 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான் சுகம். 25ஐத் தாண்டினால் வெப்பம் தாக்கிச் செத்தே போகலாம், காற்றில் ஈரம் கூடினால் இன்னும் சீக்கிரம். வியர்க்கவும் தெரியாது, ரோமத்தைக் கழற்றவும் முடியாது. வருடம் முழுக்க ஏசி, ஒரு நிமிடம்கூட மின்வெட்டு இல்லை என்ற உறுதி இருந்தாலொழிய வேண்டாம் என்பதே என் பதில்.

யாரோடு யாரை?

முதலில் ஆணா பெண்ணா என்று நீங்களே பாருங்கள். விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். பெண்ணுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்புபோல நீட்டிக்கொண்டிருப்பதால் பார்த்தவுடன் ஆண் என்று தோன்றும். பார்க்க வேண்டியது இடைவெளியை: ஆணுக்கு அந்தக் கூம்புக்கும் மலத்துவாரத்துக்கும் நடுவே முடியில்லாத தோல் கொஞ்சம் தெரியும், பெண்ணுக்கு இரண்டும் ஒட்டியே இருக்கும். சந்தேகமென்றால் சின்சில்லா பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆணையும் பெண்ணையும் ஜோடியாக வைக்காதீர்கள். கர்ப்ப காலம் 111 நாள். குட்டி போட்ட கையோடு தாய் மறுபடி சினையாகிவிடும், அதன் உடம்பு தேறவே நேரம் இருக்காது. நிறச் சிக்கல் வேறு உண்டு. வெல்வெட் எனப்படும் அடர்நிற வகையோடு வெல்வெட்டையும் வெள்ளையோடு வெள்ளையையும் சேர்த்தால், இரு பக்கமிருந்தும் அந்த மரபணு வாங்கும் கருக்கள் பிழைக்காது. ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்து சேர்க்கலாம். ஆனால் இவ்வளவு சிறிய பிராணிக்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு. அறுவைக்குப் பிறகும் சில வாரம் விந்து மிச்சம் இருக்கும், எப்போது சேர்க்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஆகவே பெண்ணோடு பெண், ஆணோடு ஆண். இரண்டு ஆண்கள் சுமுகமாகவே இருப்பார்கள், ஆனால் அதே அறையில் பெண் வாசனை இருக்கக் கூடாது. சின்சில்லாக்களில் பெண்தான் உருவத்தில் பெரியது, அதட்டுவதும் பெரும்பாலும் பெண்தான். அதனால் இரண்டு பெரிய பெண்களைச் சேர்க்க அதிகப் பொறுமை தேவைப்படும். மிளகும் ரவையும் அந்த வகை.

பெரியதோடு குட்டியைச் சேர்ப்பது சுலபம் என்பது பொதுவான அனுபவம். குட்டி தலையைத் தாழ்த்திவிடும், பெரியதும் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அதற்காக ஆறு வாரக் குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பெரியது விளையாட்டாகக் கடித்தாலே அதற்கு எலும்பு முறியும். மூன்று மாதமாவது ஆகட்டும்.

முதல் முப்பது நாள்: முகமே காட்டாதீர்கள்

புதிதாக வந்ததை வேறு அறையில் வையுங்கள். முப்பது நாள். சின்சில்லாக்களுக்குப் படர்தாமரை வரும், அது நமக்கும் தொற்றும். வயிற்றில் ஜியார்டியா கிருமி இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். பழையதைக் கவனித்துவிட்டுத்தான் புதியதிடம் போக வேண்டும். திரும்பி வரும்போது கை கழுவி, சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, புழுக்கையைச் சோதித்துவிடலாம்.

இந்த மாதத்தில் தொடங்க வேண்டிய பழக்கம் இன்னொன்று உண்டு: எடை. சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, உள்ளே ஒரு உலர் ரோஜா இதழைப் போட்டால் தானாக ஏறி உட்காரும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். வளர்ந்த சின்சில்லா பொதுவாக 400 முதல் 600 கிராம் வரை இருக்கும், சில பெண்கள் அதற்கும் மேலே. அந்தச் சின்ன நோட்டுதான் பின்னால் என் கண்ணைத் திறந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: பக்கத்துப் பக்கத்து வீடு

முப்பது நாள் முடிந்ததும் இரண்டு கூண்டையும் ஒரே அறையில் அருகருகே வையுங்கள். ஒட்டி வைக்காதீர்கள். நடுவே பத்து சென்டிமீட்டர் இருக்கட்டும். கம்பி வழியாக மூக்கை நீட்டினால் பரவாயில்லை, கால் விரல் போய்ச் சிக்கினால் எதிராளி அதைக் கடித்தே எடுத்துவிடும். சிலர் ஒரு கூண்டுக்குள் சிறிய கூண்டை வைத்துப் பழக்குவார்கள். விரல் போவது அங்கேதான்.

முதல் சில ராத்திரி உங்களுக்குத் தூக்கம் இருக்காது. ஒன்று குரைக்கும், மற்றது பதில் குரைக்கும். நான்காவது ஐந்தாவது நாளில் அடங்கும். அதற்குப் பிறகு டிமோத்தி புல்லை இரண்டு கூண்டிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் கட்டுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே சாப்பிடட்டும். எவ்வளவு நாள் இப்படி? குறைந்தது இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் எங்கே படுக்கின்றன என்று பாருங்கள். சின்சில்லா பகலெல்லாம் தூங்கும். பயமிருந்தால் எதிர்மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கும். இரண்டும் தாமாக எதிரெதிர்க் கம்பியோரம் வந்து படுத்தால் அடுத்த படிக்குப் போகலாம். எங்கள் வீட்டில் அதற்கு இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

படி 2: வாசனையைக் கலப்பது

என்னைக் கேட்டால் முழு வேலையில் முக்கால்வாசி இதுதான். சின்சில்லாவுக்கு முகம் இரண்டாம் பட்சம், வாசனைதான் முதல். நம் வேலை, அந்நிய வாசனையை வீட்டு வாசனையாக்கிவிடுவது.

தூள் குளியலில் தொடங்குங்கள். சின்சில்லாவைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் தங்கிவிடும். எரிமலைச் சாம்பல் போன்ற மெல்லிய தூளில் அது புரண்டு புரண்டு குளிக்கும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம். ஒன்று குளித்த தூளைக் கொட்டாமல் அப்படியே மற்றதிடம் வையுங்கள். ரவை குளித்த பாத்திரத்தை முதன்முதலில் வைத்தபோது மிளகு மூக்கை விட்டு முகர்ந்தாள், பின்வாங்கினாள், பாத்திரத்தின் விளிம்பில் சிறுநீர் விட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது முறை உள்ளே இறங்கிப் புரண்டாள்.

அடுத்து ஃப்ளீஸ் துணி, மரப்பெட்டி, மெல்லும் கட்டை என்று ஒவ்வொன்றாக இடம் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து ஆளையே மாற்றலாம்: இதன் கூண்டில் அது, அதன் கூண்டில் இது, இரண்டு நாளுக்கு ஒருமுறை. கழுவாமல் மாற்ற வேண்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது. இப்படி நாலைந்து சுற்று போனால் "என் வீடு" என்ற எண்ணமே மங்கிப்போகும்.

மூக்கில் வனிலா தடவு, தலைவலித் தைலம் தடவு என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எதை வைத்து அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமோ அதையே அடைக்கிறீர்கள், தைலத்தின் நெடியில் மூச்சும் எரியும். வாசனை மறைந்தவுடன் பழைய கதை திரும்பும்.

படி 3: யாருக்கும் சொந்தமில்லாத தரை

முதல் சந்திப்பு இரண்டுமே இதுவரை கால் வைக்காத இடத்தில் நடக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது குளியலறைதான். தரையைக் காயத் துடைத்து, கழிப்பறை மூடியை மூடி, போய் மறைந்துகொள்ள முடியாதபடி இடுக்குகளை அடைத்துவிடுங்கள். உள்ளே வைக்க வேண்டியவை: இரண்டும் சேர்ந்து புரளும் அளவுக்கு அகலமான தூள் தொட்டி, இரண்டு இடத்தில் புல், இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டிகள். ஒரே வாசலுள்ள பெட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டது தப்பிக்க வழியில்லாமல் கடிபடும்.

உங்கள் கையில் தடித்த துண்டும் ஒரு பிளாஸ்டிக் குப்பை முறமும் இருக்கட்டும். சண்டை மூண்டால் வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். சின்சில்லாவின் வெட்டுப்பல் உங்கள் விரலின் எலும்பைத் தொடும். ஓங்கிக் கைதட்டுங்கள், பிரியாவிட்டால் முறத்தை நடுவே செருகுங்கள், ஒன்றின்மேல் துண்டைப் போட்டுத் தூக்குங்கள். வாலைப் பிடித்தோ முடியைப் பிடித்தோ இழுக்க வேண்டாம். பயந்தால் பிடித்த இடத்து முடியைக் கொத்தாக விட்டுவிட்டு நழுவிப்போகும், மலைநரியின் வாயிலிருந்து தப்பிக்க அது கற்ற வித்தை.

நேரம் சாயங்காலம், இரண்டும் விழித்து, கொஞ்சம் சாப்பிட்டு முடித்த பிறகு. முதல் நாள் பத்து நிமிடம் போதும். நன்றாகப் போகிறதே என்று நீட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, நானும் செய்தேன். இருபதாவது நிமிடத்தில் சலிப்பிலோ களைப்பிலோ சண்டை வரும், அன்றைய சந்திப்பில் அவை நினைவில் வைப்பது அதைத்தான். நன்றாக இருக்கும்போதே முடியுங்கள். அடுத்த நாள் பதினைந்து, அதற்கடுத்து இருபது. அமைதியாக ஒரு மணி நேரம், அதுவும் தொடர்ந்து நாலைந்து நாள் போகும்வரை இங்கேயே இருங்கள்.

இரண்டையும் பிராணிகளைத் தூக்கிப்போகும் சின்னக் கூடையில் அடைத்துக் காரில் ஒரு சுற்று போய்வந்தால் சேர்ந்துவிடும் என்று ஒரு முறை உண்டு. சிலருக்குப் பலித்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்தில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து நாம் நட்பு என்று ஏமாறுகிறோம். அந்த இறுக்கத்தில் சூடேறுவது இன்னொரு ஆபத்து.

என்ன பேசிக்கொள்கின்றன?

குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: எது முறைப்படி நடக்கும் அதிகாரப் பேச்சு, எது அடிதடி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது. பெண்ணின்மேல் பெண்ணும் ஏறும், ஆணின்மேல் ஆணும் ஏறும். பெரும்பாலும் யார் பெரியவர் என்று முடிவு செய்வதுதான். பின்பக்கமாக ஏறினால் விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாளில் குறையும். தலைப்பக்கமாக ஏறினால் உடனே நகர்த்துங்கள். கீழே இருப்பதன் வாய்க்கு நேராக மேலே இருப்பதன் மர்மஸ்தானம் வருகிறது, ஒரு கடியில் பெரிய விபரீதம்.

துரத்துவது. துரத்தாமல் எந்த ஜோடியும் சேராது. எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஓடியது நின்று உடம்பைத் தாழ்த்துகிறது, துரத்தியது வந்து முகர்ந்துவிட்டுப் போகிறது: சரி, பேச்சு முடிந்தது. தாழ்த்திய பிறகும் மூலைக்குத் தள்ளி முடியைப் பிடுங்கினால் நிறுத்திவிடுங்கள். ஒரு கொத்து முடி தரையில் கிடந்தால் நான் கவலைப்படுவதில்லை. துரத்தியதன் வாயில் இரண்டாவது முறை முடியைப் பார்த்தால் அன்றைய சந்திப்பு முடிந்தது.

எழுந்து நிற்பது. பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை மார்போடு மடக்கி, அசையாமல் பார்த்தால் "இன்னும் ஓரடி வராதே" என்று அர்த்தம். வந்தால் சிறுநீர் பாயும். பெண்கள் இதில் கெட்டிக்காரிகள். மற்றது விலகிப்போனால் பிரச்சினை இல்லை, பார்த்துவிட்டும் நெருங்கினால் முறத்தை எடுங்கள்.

வால். இடமும் வலமுமாக ஆட்டினால் நாயைப்போலச் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறப் பார்க்கிறது, அல்லது கொதித்துப்போயிருக்கிறது.

சத்தங்களைக் கேட்டுப் பழக நாளாகும். நாய்க்குட்டி குரைப்பதுபோல விட்டு விட்டு வரும் சத்தம் எச்சரிக்கை, கூட்டத்துக்கே சொல்வது. "கக் கக் கக்" என்று மூக்கிலிருந்து வந்தால் எரிச்சல், தூக்கத்தில் எழுப்பினால் உங்களிடமும் இதைச் சொல்லும். பல்லை நறநறவென்று வேகமாகக் கடித்தால் அடுத்தது கடிதான். ஆனால் தாடைக்கடியில் சொறிந்துவிடும்போதும் மெல்லப் பல்லை அரைக்கும், அது சுகம். உடம்பு தளர்ந்திருக்கிறதா விறைத்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். தொண்டைக்குள் புறா முனகுவதுபோல மெதுவாக வந்தால் "இங்கேதான் இருக்கிறேன்" என்று மற்றதிடம் சொல்கிறது. நீளமான அலறல் வந்தால் யோசிக்காதீர்கள், பிரித்துவிடுங்கள்.

இரண்டும் பந்தாகச் சுருண்டு உருண்டால் அப்போதும் உடனே பிரித்துவிடுங்கள். பிரித்த பிறகு ரத்தம் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். சின்சில்லாவின் ஒரே முடித்துளையிலிருந்து ஐம்பது, அறுபது முடி முளைக்கும். அத்தனை அடர்த்திக்குள் பல் இறங்கிய இடம் கண்ணுக்குத் தெரியாது, தோல் மேலே மூடிக்கொள்ளும், ஒரு வாரம் கழித்து உள்ளே சீழ் கட்டி நிற்கும். விரலால் ரோமத்தைப் பிரித்துப் பிரித்துத் தடவிப் பாருங்கள். காதும் கால்விரலும் தனியாக.

இனி நல்ல பக்கம். ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் தாடைக்கடியில் செருகினால், "எனக்குக் கோதிவிடு" என்று கேட்கிறது. மற்றது கண்ணோரத்தையும் காதின் பின்புறத்தையும் முன்பற்களால் மெல்லக் கொறிக்கும். ரவை இதை முதன்முதலில் செய்தபோது மிளகு கோதிவிடவில்லை. அப்படியே புல்லை மென்றுகொண்டிருந்தாள். ஆனால் நகரவும் இல்லை. ரவை அந்தத் தாடைக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தாள். புல்லின் துகள் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

படி 4: ஒரே கூண்டு

கூண்டை வினிகர் கலந்த தண்ணீரால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். தட்டுகளின் இடத்தை மாற்றி, உள்ளே எல்லாவற்றையும் புதிதாக அடுக்குங்கள். இரண்டும் ஒன்றாகக் குடிபுகுந்ததுபோல இருக்க வேண்டும். முடிந்தால் புதுக் கூண்டே வாங்கிவிடுவது மேல். தண்ணீர்ப் புட்டி, புல் கூடை, தீவனக் கிண்ணம், ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாம் இரண்டு இரண்டு, அதுவும் எதிரெதிர் மூலைகளில். இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றே வைத்ததற்குச் சமம், வலுத்தது இரண்டுக்கும் காவல் நிற்கும்.

ஓடும் சக்கரத்தை முதல் ஒரு மாதம் கழற்றிவிடுங்கள். சாப்பாட்டுக்குச் சண்டை போடாத ஜோடிகள்கூட ஒற்றைச் சக்கரத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நாள் குறிக்கும்போது அடுத்தடுத்து இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருப்பதுபோலப் பாருங்கள். காலையில், தூக்கம் சொக்கும் நேரத்தில் உள்ளே விடுங்கள். பகல் முழுக்கத் தூங்கிக் கழியட்டும். ராத்திரிதான் சோதனை. அதே அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், துண்டும் முறமும் தலைமாட்டில். பழைய கூண்டு பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதத்தில் என் பயமெல்லாம் சத்தமில்லாத கொடுமையைப் பற்றித்தான். சண்டையே இல்லை, முடி பறக்கவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் சொர்க்கம். ஆனால் நான்காவது வாரத்தில் நோட்டில் ரவையின் எடை 38 கிராம் குறைந்திருந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: ரவை கிண்ணத்தை நோக்கி நடந்தால் மிளகு எழுந்து, கிண்ணம் இருந்த பலகைத் தட்டின் நடுவே வந்து நிற்பாள். தொடமாட்டாள், சத்தம் போடமாட்டாள். ரவை திரும்பிப் போய்விடுவாள். அந்தத் தட்டுக்கு ஒரே வழிதான் இருந்தது. இன்னொரு பலகையை வைத்து இரண்டாவது வழி போட்டேன், கிண்ணத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் எடை பழையபடி ஏறிவிட்டது. எடை இறங்கிக்கொண்டே போனால், அல்லது ஒன்று எப்போதும் ஒரே மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் பிரித்துவிடுங்கள். புழுக்கை சிறுத்தோ குறைந்தோ போனாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் அது மருத்துவருக்கான விஷயம். இவற்றின் குடல் நின்றால் மறுபடி ஓட வைப்பது கஷ்டம்.

ரோமம் ஒட்டக் கத்தரித்ததுபோலத் திட்டுத் திட்டாக இருந்தால் யாரோ மெல்லுகிறார்கள். தன் வாய் எட்டாத கழுத்துப் பின்புறத்தில் இருந்தால் மற்றதன் வேலை. விலாவில் இருந்தால் தானே மெல்லுவதாகவும் இருக்கலாம்.

பெண்களுக்குச் சராசரியாக ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இனச்சேர்க்கைக்கான சூடு வரும். அந்த ஓரிரு நாள் சிடுசிடுப்பு, துரத்தல், "கக் கக்" எல்லாம் இருக்கும். நாளைக் குறித்துவைத்தால் பதறாமல் இருக்கலாம்.

ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனால் இரண்டையும் கொண்டுபோங்கள். தனியாகப் போய் மருத்துவமனை வாசனையோடு திரும்பியதை, வருடக்கணக்கில் கூடப் படுத்தது அந்நியமாக நினைத்து அடித்த கதைகள் உண்டு. தனியாகத் தங்க நேர்ந்துவிட்டால் திரும்பியதும் நேராகக் கூண்டில் விடாமல் குளியலறையில், தூள் தொட்டியோடு மறுபடி சந்திக்க விடுங்கள்.

சேராவிட்டால்

ரத்தம் வந்தால் அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காயம் ஆறியபின் படி 1க்குத் திரும்புங்கள், குறைந்தது இரண்டு வாரம். இரண்டாவது முறையும் ரத்தம் வந்தால் அந்த ஜோடியை நான் மூன்றாவது முறை முயலமாட்டேன். இன்னும் முயலலாம் என்பவர்கள் உண்டு. கடிபடப்போவது அவர்கள் காது இல்லை.

மூன்றாவதாகக் கடுகு வந்தாள். அவளுக்கு இந்தப் படிகளை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், முப்பது நாள் தனியறை உட்பட. குளியலறையில் ஆறாவது சந்திப்பில் மிளகின் காது நுனி போயிற்று. ஒரு மாதம் விட்டு மறுபடி பார்த்தேன், இந்த முறை ரவையின் கால் விரல். இப்போது கடுகு பக்கத்துக் கூண்டில் தனியாக இருக்கிறாள். விளையாட்டு நேரம் அவளுக்கு ஒன்பது மணிக்கு, மற்ற இருவருக்கும் பத்தரைக்கு. பகலில் அவள் படுப்பது மிளகும் ரவையும் தூங்கும் பெட்டிக்கு நேர் எதிரே, கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம், சேர்த்துவிடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை கூண்டு கழுவித் திரும்ப வைக்கும்போது நடுவில் ஸ்கேலை வைத்துப் பத்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துதான் வைக்கிறேன்.